தள்ளாடும் கால்கள்

கள்ளுண்டவனின் தள்ளாட்டத்தைக் கண்டு நகைத்தவன் நான். விடிந்தால் நிமிர்ந்து நடப்பான் என்ற துணிவு. பசையையும் தின்னரையும் முகர்ந்து பழகிய இளைஞனின் தள்ளாட்டமோ அத்தகையதன்று. அவற்றிற் பலவற்றிலுள்ள தொலுயீன் கொழுப்பிற் கரைவது. மூளையோ கொழுப்பு மிக்கது. நெடுநாள் முகர்ந்தால் அவ்வாவி நரம்பிழைகளைப் போர்த்துள்ள மயலின் உறையைச் சிதைக்கும். உடலின் சமநிலையைக் காக்கும் சிறுமூளையை நலிவிக்கும். கை நடுங்கும்; விழி துடிக்கும்; நேர்கோட்டில் நடக்கக் கால் மறுக்கும். சிலருக்கு இவை நீங்குவதேயில்லை.

மத்திய அவுஸ்திரேலியாவில் பெற்றோல் முகர்ந்து நலிந்த ஆதிக்குடி இளைஞர் பலர். 2005இல் தொலுயீன் முதலியன குறைந்த பெற்றோல் அங்கு புகுந்தபின், முகர்வோர் தொகை பெரிதும் குறைந்தது; வேளையோடு விட்டவர் பலர் தேறினர்.

ஆசிரிய அன்பர்களே, வகுப்பில் மாணவன் ஒருவன் தள்ளாடினால் பிரம்பைத் தேடாதீர்கள், வைத்தியரைத் தேடுங்கள். நான் இப்போது நகைப்பதில்லை.