அகலக்கால் வைத்த கும்பினி



கடையை விரிக்க வேண்டும், கைமுதல் கரையாமல் இருக்க வேண்டும், போட்டியையும் சமாளிக்க வேண்டும். மூன்றுக்கும் பணம் வருவது ஒரே கல்லாவிலிருந்துதான். நம் பேரப்பிள்ளைகள் கணினியில் நாடு பிடித்து ஆடும் விளையாட்டிலும் இதே கணக்குத்தான். இந்தக் கணக்கில் தவறிய ஒரு பெரிய நிறுவனத்தின் வரலாறு நம் காரைக்காலோடு சேர்ந்தது.

பிரெஞ்சுக் கும்பினி வியாபாரத்துக்கு வந்த நிறுவனம். துணி வாங்கிக் கப்பலேற்றுவது அதன் முக்கியத் தொழில். கவர்னர் டூமாஸ் காலத்தில் தஞ்சை மன்னர் சாகுஜியிடம் விலை பேசி, 1739 பிப்ரவரி 14-ல் காரைக்காலைக் கைக்கொண்டது. துறைமுகம், கோட்டை, சில கிராமங்கள், அவ்வளவுதான். அளவான முதலீடு.

1742-ல் டூப்ளே கவர்னரானார். ஆற்காடு, ஐதராபாத் வாரிசுச் சண்டைகளில் கும்பினியை இறக்கினார். 1749-ல் ஆம்பூரில் வெற்றி. 1750-ல் காரைக்காலுக்கு மேலும் 81 கிராமங்கள். விரிவு பிரமாதம்! ஆனால் சிப்பாய்க்குச் சம்பளம் மாதாமாதம் தர வேண்டும். நில வரியோ அறுவடைக்குப் பிறகுதான் வரும். சண்டை நடக்கும் சீமையில் அதுவும் வராது. டூப்ளே சொந்தப் பணத்தையும் போட்டார். பாரிஸ் முதலாளிகள் எதிர்பார்த்ததோ சரக்கும் லாபமும். 1754-ல் அவரைத் திரும்ப அழைத்துக் கொண்டார்கள்.

1758-ல் தளபதி லாலி வந்தபோது புதுச்சேரி கஜானாவில் பணமில்லை. தஞ்சை மன்னர் பிரதாபசிங் 1749-ல் எழுதிக் கொடுத்த 56 லட்ச ரூபாய்ப் பழைய பத்திரம் ஒன்று கையில் இருந்தது. அதை வசூலிக்கப் படையோடு புறப்பட்டார். வழியில் நாகூரைச் சூறையாடியும் போதவில்லை. தஞ்சைக் கோட்டை வாசலில் சோறும் குறைந்தது, வெடிமருந்தும் குறைந்தது. காரைக்கால் கடலில் ஆங்கிலக் கப்பற்படை நிற்பதாகச் செய்தி வரவே, ஆகஸ்டில் முற்றுகையை விட்டுக் காரைக்காலுக்குத் திரும்பினார். 1760-ல் வந்தவாசியில் தோல்வி. அதே ஆண்டில் காரைக்காலும், 1761-ல் புதுச்சேரியும் ஆங்கிலேயர் வசம் போயின. 1765-ல் ஊர் திரும்பக் கிடைத்தது. ஆனால் 1769-ல் கும்பினியின் வியாபார உரிமையே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆங்கிலேயருக்கோ 1757-க்குப் பிறகு வங்காளத்தின் வருவாய் பின்பலமாக இருந்தது.

அப்படியானால் விரிவே கூடாதா? அதுவும் சரியல்ல. பக்கத்துத் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் 1620-ல் கடை விரித்தார்கள். சிறியதாகவே இருந்து, 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். நாகப்பட்டினத்து டச்சுக்காரர் 1658 முதல் நன்றாக வியாபாரம் செய்தும், 1781-ல் ஆங்கிலேயர் தாக்கியபோது ஊரைக் காக்க முடியவில்லை.

ஆக, நமக்குள்ள பாடம் மூன்று. இரண்டாவது கடையை முதல் கடையின் லாபத்தில் திறக்க வேண்டும். மொத்த வியாபாரி தந்த கடன் சரக்கை நம்பித் திறக்கக் கூடாது. பேரேட்டில் நிற்கும் பாக்கி ரொக்கமாகாது. லாலியின் பத்திரம் அதற்குச் சாட்சி. கிடங்குக்கு இன்சூரன்ஸ், உரிமம், நல்ல பூட்டு ஆகிய காவல் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம். எதிர்க்கடையோடு கொள்முதலுக்கும் கீழே விலை வைத்து மோதுவது காவலாகாது, அது போர்.

ஐந்தொகை போடும்போது இம்மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். எந்தக் கால் அகலமாகப் போகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.