எல்லையூரின் வரலாற்றை எந்த நூலில் தேடுவது?

பாலக்காட்டிலிருந்தும், தேவிகுளம், பீருமேடு மலைப்பகுதிகளிலிருந்தும் தில்லி, மும்பை முதலிய நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அங்கு வளரும் பிள்ளைகள், "நம் ஊர் முன்பு எந்த இராஜ்யத்தில் இருந்தது?" என்று கேட்பதுண்டு. "அவை யாவும் சென்னை இராஜ்யத்தில் இருந்தவை; 1956-இல் கேரளத்தோடு சேர்ந்தன" என்று பெரியோர் கூறுவதும் உண்டு. இவ்விடையில் ஒரு பாதி மெய். மறு பாதி பிழை. இரண்டையும் பிரித்தறியும் வழியை நூல் நிலையத்திலுள்ள நோக்கு நூல்கள் காட்டுகின்றன.

நோக்கு நூல் என்பது முதலிலிருந்து முடிவுவரை படிப்பதற்கன்று; வேண்டிய செய்தியை வேண்டியபோது எடுத்துக்கொள்வதற்கு அமைந்தது. அகராதி, கலைக்களஞ்சியம், கெஜட்டியர், மக்கள்தொகைக் கணக்கு அறிக்கை, தேசப்படம் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றைத் திறக்குமுன் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ள வேண்டும்: எந்த ஆண்டுச் செய்தி வேண்டும்? அவ்வாண்டில் ஊர் எவர் ஆட்சியில் இருந்தது? அன்று அதற்கு வழங்கிய பெயர் யாது?

பாலக்காடு தாலுகா 1956 அக்டோபர் முடியச் சென்னை இராஜ்யத்து மலபார் ஜில்லாவைச் சார்ந்திருந்தது. ஆதலின் அதன் பழைய செய்திகளை வில்லியம் லோகன் 1887-இல் வெளியிட்ட மலபார் மானுவலில் காணலாம். ஆங்கில நூலாகையால் 'பால்காட்' என்ற பெயரிலேயே தேட வேண்டும். அதன் கிழக்கிலுள்ள சித்தூரோ கொச்சி சமஸ்தானத்து ஊர். அதற்கு அச்சுத மேனோனின் 1911-ஆம் ஆண்டுக் கொச்சி ஸ்டேட் மானுவலே உரியது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. நாகமய்யா 1906-இல் வெளியிட்ட திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவலில் அவற்றைத் தேட வேண்டும். இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26-இல் தான் அமைந்தது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளின் அறிக்கைகளில் இவ்விரு தாலுகாக்களையும் கோட்டயம் மாவட்டத்தில் காணலாம்.

அப்படியாயின் அந்தப் பிழை எவ்வாறு எழுந்தது? தேவிகுளத்தையும் பீருமேட்டையும் சென்னையோடு இணைக்க வேண்டுமென்ற கோரிக்கை வலுவாக எழுந்தது. 1955-இல் இராஜ்யப் புனரமைப்புக் கமிஷன் அதனை ஏற்கவில்லை. கோரிக்கையின் நினைவே நாளடைவில் 'முன்பு அங்கு இருந்தது' என்ற செய்தியாக மாறிவிட்டது போலும்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. பழைய நிலப் பத்திரத்தையோ, முன்னோர் குடியிருந்தமைக்குச் சான்றையோ தேடுவோர் ஆட்சியைத் தவறாகக் கருதினால், பொருந்தாத ஆவணக் காப்பகத்தில் பல நாட்களை வீணே கழிப்பர். தவறான வரலாற்றின்மேல் எழுப்பிய நியாயமான கோரிக்கையும் வலுவிழக்கும்.

பிள்ளைகளுக்கு இம்முறையைப் பழக்குவது கடினமன்று. விடையை நாமே கூறாமல், நகரத்து நூல் நிலையத்தில் 1951, 1961-ஆம் ஆண்டு மக்கள்தொகை அறிக்கைகளை அவர்கள் கையில் கொடுக்கலாம். சித்தூர் முன்னதில் திருவிதாங்கூர்-கொச்சித் தொகுதியிலும், பின்னதில் கேரளத் தொகுதியிலும் இருப்பதை அவர்களே கண்டறிவர். நூற்பெயர், பதிப்பாண்டு, பக்க எண் ஆகியவற்றைக் குறித்துவைக்கச் செய்தல் வேண்டும். இரண்டு நூல்கள் முரண்பட்டால், எது எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதை முதலில் நோக்கச் சொல்லுதல் நலம். உரிய நூல் எதுவெனத் தெரியாதபோது நூலகரை அணுகிக் கேட்கவும் அவர்களைப் பழக்க வேண்டும்.