மெலனோமாவுக்குப் பிறகும் தாய்மை உண்டு!

தோல் புற்றுநோய்களில் மெலனோமா எண்ணிக்கையில் குறைவு. உயிரைப் பறிப்பதில் முன்னணி. தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்களில் உருவாகும் இந்த நோய் முதுமை வரை காத்திருப்பதில்லை. இருபது, முப்பது வயதுப் பெண்களையும் தாக்குகிறது. கர்ப்ப காலத்தில் அதிகம் கண்டறியப்படும் புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. அதனால் ‘பிழைப்பேனா?’ என்ற கேள்வியோடு ‘குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா?’ என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது. பெரும்பாலான பெண்களுக்கு முடியும் என்கிறது இன்றைய மருத்துவம். ஆனால், காலம் பார்த்துத் திட்டமிட வேண்டும்.

மில்லிமீட்டர் கணக்கு

மெலனோமா எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்பதைவிட எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே முக்கியம் என்று 1970-ல் காட்டினார் அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ. ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால், சுற்றியுள்ள ஒரு சென்டிமீட்டர் நல்ல தோலோடு சேர்த்து வெட்டியெடுப்பதே பெரும்பாலானவர்களுக்குப் போதுமான சிகிச்சை. ஆழம் கூடினால், நோய் முதலில் போய்ச் சேரக்கூடிய நிணநீர்க் கணுவை எடுத்துப் பரிசோதிக்கிறார்கள்.

வெயிலால் வெள்ளைத் தோலுக்கு மட்டும் வரும் நோய் என்று நாம் அலட்சியமாக இருக்க முடியாது. கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இது பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தின் அடியிலும் வருகிறது. ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால் விரல் நகத்தின் அடியில் கண்டறியப்பட்டது இதுதான். 1981-ல், 36 வயதில், அவர் இறந்தார்.

எதிர்ப்பு சக்தியின் பிரேக்

உடலில் பரவிவிட்ட மெலனோமாவுக்கு 2011 வரை ஆயுளை நீட்டிக்கும் மருந்து இல்லை என்றே சொல்லலாம். பெரும்பாலானவர்கள் ஓராண்டுக்குள் இறந்தார்கள். நம் எதிர்ப்பு சக்தி வரம்பு மீறாமலிருக்க உடலே சில பிரேக்குகளை வைத்திருக்கிறது. அவற்றைப் பயன்படுத்திப் புற்றுநோய் தப்பித்துக்கொள்கிறது. அந்த பிரேக்கை விடுவிக்கும் இபிலிமுமாப் 2011-லும், பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியவை 2014-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இதற்கு அடித்தளமிட்ட ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோன்ஜோவும் 2018-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவிய மெலனோமாவோடு 2015-ல் சிகிச்சைக்குப் போன முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, பெம்ப்ரோலிசுமாப் ஆகியவற்றுக்குப் பிறகு 100 வயது வரை வாழ்ந்தார். இபிலிமுமாப், நிவோலுமாப் இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 சதவீதம் பேர் பத்தாண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்ததாக 2024-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. எல்லோருக்கும் பலன் கிடைப்பதில்லை. தைராய்டு, பிட்யூட்டரி, குடல் போன்ற உறுப்புகளை எதிர்ப்பு சக்தியே தாக்கும் பக்கவிளைவுகளும் உண்டு.

பழைய அச்சம்

கர்ப்பகால ஹார்மோன்கள் மெலனோமாவைத் தூண்டிவிடும் என்று 1950-களில் மருத்துவர்கள் அஞ்சினார்கள். நோய் வந்த பெண்களை இனி கருத்தரிக்க வேண்டாம் என்று எச்சரித்தார்கள். ஸ்வீடனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2004-ல் வேறு முடிவைச் சொன்னது. நோயின் ஆழத்தைக் கணக்கில் கொண்டால், கர்ப்ப காலத்தில் மெலனோமா கண்டறியப்பட்டவர்களின் ஆயுளுக்கும் மற்றப் பெண்களின் ஆயுளுக்கும் வித்தியாசம் இல்லை. பின்னர் கருத்தரித்ததாலும் ஆயுள் குறையவில்லை.

‘மாசமா இருந்தா மச்சம் கறுக்கத்தான் செய்யும்’ என்று தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. மாறுகிற மச்சம் மெலனோமாவாக இருக்கலாம்; அதை மரத்துப்போகும் ஊசி போட்டுக் கர்ப்ப காலத்திலேயே பாதுகாப்பாக எடுக்கலாம்.

எப்போது கருத்தரிக்கலாம்?

ஆழம் குறைவான நோய் முழுவதும் அகற்றப்பட்டிருந்தால் நெடுங்காலம் காத்திருக்கத் தேவையில்லை. ஆழமான நோய் திரும்பி வருவதானால் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் அதிகம் வருகிறது. அந்தக் காலம் கடக்கட்டும் என்று பல மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

மருந்து எடுப்பவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். கருவில் பாதி தந்தையின் மரபணு. இருந்தும் தாயின் உடல் அதை அந்நியமாகக் கருதி அழிக்காமலிருக்க, இந்த மருந்துகள் விடுவிக்கும் அதே பிரேக்கும் உதவுகிறது. அதனால் சிகிச்சைக் காலத்தில் கருத்தடை அவசியம். கடைசி டோஸுக்குப் பின் பெம்ப்ரோலிசுமாப் என்றால் குறைந்தது 4 மாதம், நிவோலுமாப் என்றால் 5 மாதம் அதைத் தொடர வேண்டும். பிட்யூட்டரி பாதிக்கப்பட்டால் கருத்தரிப்பதே கடினமாகலாம். சிகிச்சைக்கு முன்பே கருமுட்டையை உறையவைத்துச் சேமிக்கும் வழி இருக்கிறது.

ஆகவே இந்தப் பேச்சு முதல் டோஸ் ஏறுவதற்கு முன்பே நடக்க வேண்டும். உயிருக்குப் போராடும் நேரத்தில் குழந்தையைப் பற்றிக் கேட்கப் பல பெண்கள் கூச்சப்படுவார்கள்; திருமணமாகாதவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திராமல் மருத்துவரே முதலில் பேச வேண்டும். மருந்துகள் நீட்டித்துத் தரும் ஆயுளில் எதையெல்லாம் வாழ வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் முடிவு. அந்த முடிவை எடுக்கத் தேவையான தகவல் உரிய நேரத்தில் அவள் கைக்கு வருவதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.