பொய்த் தோற்றமும் மெய்ப் பயனும்

கண் கண்டதைக் கருத்து நம்புதல் இயல்பு. அவ்வியல்பையே மருந்தாகக் கொண்டு நோயாளரைத் தேற்றும் முறையொன்று இந்நாளில் வைத்திய உலகிற் பரவி வருகின்றது. அதனை மெய்ந்நிகர் காட்சி என்பர். அதன் தத்துவத்தை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

தலையில் அணியும் கவசமொன்றினுள் இரு கண்களுக்கும் சிறிதே வேறுபட்ட இரு படங்கள் காட்டப்படும். தலை திரும்புந்தோறும் படமும் அதற்கேற்ப மாறுதலால், காண்போன் தான் அவ்விடத்திலேயே நிற்பதாக உணர்வான். உயரத்திற்கு அஞ்சும் ஒருவனைக் கல்வராயன் மலைச்சரிவின் விளிம்பில் நிறுத்துதல் எளிதன்று. காட்சியிலோ முதலிற் சிறு மேடு, பின்னர்ப் பாறை, இறுதியில் மலையுச்சி எனப் படிப்படியாக நிறுத்தலாம். எழுந்த அச்சம், தீங்கொன்றும் நேராமை கண்டு மெல்லத் தணியும். 1995-இல் அமெரிக்காவில் பார்பரா ராத்பாம் முதலியோர் இம்முறையைச் சோதித்து நற்பயன் கண்டனர்.

இதே தத்துவத்தை மின்கருவி யாதுமின்றி விளக்கியவர், தமிழ்நாட்டிற் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன் ஆவர். கையிழந்தோர் பலர், இல்லாத கை இருப்பதாகவும், அது இறுக மடங்கி வருத்துவதாகவும் உணர்வதுண்டு. 1990-களில் அவர் ஒரு பெட்டியின் நடுவே கண்ணாடியை நிறுத்தி, உள்ள கையின் பிம்பம் இழந்த கையின் இடத்திலே தோன்றுமாறு செய்தார். உள்ள கையை விரிக்கவே, இழந்த கையும் விரிவதாகக் கண்டு சிலர் வேதனை தணியப்பெற்றனர். அதனை அவர் மெய்ந்நிகர் பெட்டி என்றே அழைத்தார். எல்லார்க்கும் இப்பயன் கிட்டிற்றில்லை. எனினும், பக்கவாதத்தாற் கை தளர்ந்தோர்க்குப் பிற பயிற்சிகளோடு இக்கண்ணாடிப் பயிற்சியும் உதவுமென்பது பின்வந்த ஆராய்ச்சிகளாற் புலப்பட்டுள்ளது.

நினைவு, கவனம் முதலியவற்றை அளத்தற்கும் மெய்ந்நிகர் காட்சி பயன்படும். நோயாளரைப் போலிச் சந்தையொன்றில் விடுத்துச் சில பொருள்களை வாங்கி வருமாறு பணிப்பர். எதனை மறந்தார், இடப்புறத்துப் பொருள்களைக் காணாது விட்டாரா, வழி தவறினாரா என்பன குறிக்கப்படும். தாளில் எழுதிக் கேட்கும் வினாக்களினும் இஃது அன்றாட வாழ்விற்கு அணித்தானது.

ஆயினும், இங்கே ஓர் இடர் உளது. 2019-இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியைச் சேர்ந்த வெள்ளிமலைப் பக்கத்து முதியவர் ஒருவரை, மேனாட்டுப் பேரங்காடியின் காட்சியில் விடுத்துச் சோதிப்பதாகக் கொள்வோம். அவர் தடுமாறுவாராயின், அத்தடுமாற்றம் நோயினால் ஆயதோ, காணாத இடத்தின் புதுமையினால் ஆயதோ? பிரித்தறியாது முடிவு கூறின், நல்லறிவுடைய ஒருவர் அறிவு குன்றியவராக எண்ணப்படுவார்; அவர் சொல்லும் தம் வீட்டிலேயே மதிப்பிழக்கும். சாமையும் புளியும் தேனும் விற்கும் மலையூர்ச் சந்தையே அவரை அளத்தற்கு உரிய களமாம். கருவியை எங்கிருந்தும் தருவிக்கலாம். காட்சியை நாமே இயற்றல் வேண்டும்.

மேலும், கவசம் அணிவோரிற் சிலர்க்குத் தலைச்சுற்றலும் குமட்டலும் உண்டாகும். ஆதலின் இது பயின்றவர் மேற்பார்வையிலேயே நிகழ்தற்குரியது; விளையாட்டன்று.

மாணவ நேயர்காள்! மனநூல் பயில்வோரும் கணினி பயில்வோரும் ஒருங்கு கூடின், நம் மலையையும் சந்தையையும் இக்காட்சியில் அமைத்தல் அரிதன்று. விலையுயர்ந்த கவசம் வந்தெய்தாத ஊரிலும் ஒரு கண்ணாடி கிடைக்கும் என்பதை மறவாதிருப்போமாக.