கூரை நீரும் கூட்டுறவும்

நெசவாளர் இல்லத்திலும் உழவர் இல்லத்திலும் தண்ணீர் அடுக்களைக்கு மட்டும் உரிய பொருளன்று. பாவுக்குக் கஞ்சி காய்ச்சவும், சாயமேற்றிய நூலை அலசவும், மாட்டுக்குக் காட்டவும், கொல்லைச் செடிக்கு வார்க்கவும் அதுவே வேண்டும். ஆதலால் தண்ணீர்ப் பஞ்சம் வந்தால் நம்மவருக்குச் சமையலும் தொழிலும் ஒருங்கே தடைப்படுகின்றன. அப்பஞ்சத்தின் சுமையை இடுப்பில் தாங்குகிறவர்கள் நம் இல்லப் பெண்மணிகளே. குடம் சுமந்து நடக்கும் ஒவ்வொரு நாழிகையும் தார் சுற்றும் நேரத்திலிருந்து கழிகிறது. கூலியும் அந்த அளவுக்குக் குறைகிறது.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு இருத்தல் வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டில் அரசு கட்டாயமாக்கியது. ஆயினும் 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. சட்டத்துக்காக வைத்த குழாய், பராமரிப்பின்றி அடைத்துக்கொண்டால் பயன் தராது என்பதை நாம் உணர வேண்டும்.

கூரையின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். 30 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள கூரை ஏறக்குறைய 56 சதுர மீட்டர். அதில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,120 லிட்டர். சிந்துவதும் ஆவியாவதுமாக ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 900 லிட்டர் மிஞ்சும். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் இது 60 குடம். குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 25 லிட்டர் செலவிடும் குடும்பத்துக்கு 36 நாள் வரும். ஒரே மழையின் வருவாய் இது!

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. மழைக்காலத்துக்கு முன் கூரையைப் பெருக்கித் துப்புரவு செய்க. முதல் மழையின் நீரைத் தொட்டியில் விடாமல் வெளியே போக்கிவிடுக. பின்னர் வரும் நீரைக் கூழாங்கல், கரி, மணல் அடுக்கிய வடிகட்டியின் வழியே தொட்டிக்கு விடுக. கொசு புகாதவாறு தொட்டியை மூடி வைப்பது அவசியம். குடிக்கும் நீரைக் காய்ச்சியே பருகுதல் நலம். தொட்டி நிரம்பி வழிவதைக் கிணற்றருகே உறிஞ்சு குழியில் இறக்கினால் நிலத்தடி நீர் பெருகும்.

நெசவாளருக்கு இதில் மற்றோர் ஆதாயமும் உண்டு. உப்பு மிகுந்த கடின நீரில் சாயம் சீராகப் பிடிப்பதில்லை, சோப்பும் நுரைப்பதில்லை. மழைநீரோ மென்னீர். நிறம் ஒரே சீராக ஏறவும் சோப்புச் செலவு குறையவும் அது உதவும். பருப்பும் விரைவில் வேகும்.

வரவைப் பெருக்கினால் போதாது. செலவையும் சுருக்க வேண்டும். விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் நாளொன்றுக்குச் சுமார் 20 லிட்டரை வீணாக்கும். சில ரூபாய் விலையுள்ள வாஷரை மாற்றினால் அது நிற்கும். அரிசி கழுநீர் மாட்டுக்கு ஆகும். குளித்த நீர் வாழைக்கும் தென்னைக்கும் பாயட்டும்.

சாயக் கழிவை மட்டும் ஒருபோதும் உறிஞ்சு குழியில் விடலாகாது. நொய்யல் ஆறு சாயக் கழிவால் கெட்டு, கரையோர உழவரின் கிணறுகளும் பாழானதை நாம் அறிவோம். சென்னை உயர்நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் இதனாலேயே. நெசவாளர் பிழைப்பும் உழவர் பிழைப்பும் ஒரே ஊற்றில் நிற்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நிலத்தடி நீர் ஊரார் அனைவருக்கும் பொதுவான சேமிப்புக் கணக்கு. ஒருவர் குழியில் இறங்கும் நீர் அடுத்தவர் கிணற்றிலும் ஊறுகிறது. ஒருவர் விடும் நஞ்சு அடுத்தவர் குடத்திலும் சேர்கிறது. சிறு தொகைகளைச் சேர்த்துச் சங்கம் கண்ட நமக்கு இக்கணக்கு புதிதன்று. ஐப்பசி மழைக்கு முன்பே ஒவ்வோர் அங்கத்தினரும் தம் கூரைக்கு ஒரு தகரக் கால்வாயும் ஒரு தொட்டியும் அமைப்பாராக. தனியே இயலாதவர்கள் நாலைந்து வீட்டாராகச் சேர்ந்து சாமான்களை மொத்தமாக வாங்கினால் செலவு குறையும். வேலையும் விரைந்து முடியும்.