அரியலூர் டைனோசர்கள் எதிரியிடம் இருந்து தப்பியது எப்படி?

பெங்களூர் கஸ்தூரிபா ரோட்டில் உள்ள விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் சென்றவர்களுக்கு, அங்கே உறுமும் டைனோசர் பொம்மையைத் தெரிந்திருக்கும்.

அதைப் பார்த்ததும் குழந்தைகள் இரண்டு கேள்விகளைக் கேட்பது உண்டு. "இது நம்ம பக்கம் இருந்ததா?" என்பது ஒன்று. "இது கடிக்க வந்தால் மற்ற டைனோசர் என்ன செய்யும்?" என்பது மற்றொன்று.

பெங்களூரில் டைனோசர் எலும்பு கிடைக்க வழி இல்லை. லால்பாக்கில் நாம் ஏறி நின்று ஊரைப் பார்க்கிறோமே, அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். டைனோசர்கள் தோன்றியதோ ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். தவிர, எலும்பு கல்லாக மாற வேண்டும் என்றால் அதன் மேல் சேறும் மணலும் படிந்து மூட வேண்டும். லால்பாக் பாறை பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவானது.

ஆனால் இங்கிருந்து ஓர் இரவுப் பயணத் தூரத்தில் அரியலூர் இருக்கிறது. விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் உள்ள ஊர். ரெயில்வேக்காரர்களுக்கு அரியலூர் என்றதும் 1956-ம் ஆண்டு நடந்த கோர விபத்துதான் ஞாபகம் வரும். மற்றவர்களுக்கு சிமெண்டு. ஒரு காலத்தில் அந்தப் பகுதி கடல். அதன் கரையோரம் டைனோசர்கள் நடமாடின.

வாலில் இருந்த ஆயுதம்

இரண்டாவது கேள்விக்கு முதலில் அமெரிக்காவில் பதில் கிடைத்தது.

அங்கு சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஸ்டெகோசாரஸ் என்ற பிராணிக்கு முதுகில் இரண்டு வரிசையாக எலும்புத் தட்டுகள். வால் நுனியில் 4 முட்கள். ஒவ்வொன்றும் 2 அடி, 3 அடி நீளம்.

தட்டுகளைக் கேடயம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் அவை மெல்லியவை. ரத்தக் குழாய்கள் ஓடியவை. பலமாகக் கடித்தால் தாங்காது. எதிரிக்கு ஆளைப் பெரிதாகக் காட்டவும், உடல் சூட்டைச் சரிசெய்யவும் பயன்பட்டிருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

முட்கள் விஷயத்தில் சந்தேகமே இல்லை. 51 முட்களைப் பரிசோதித்ததில், 5 முட்களின் நுனி அடிபட்டிருந்தது தெரிந்தது. 2005-ல் இன்னொரு சாட்சியும் வெளிவந்தது. மாமிசம் தின்னும் அல்லோசாரசின் வால் எலும்பில் ஒரு துளை. ஸ்டெகோசாரசின் முள்ளை வைத்துப் பார்த்தால் அந்தத் துளையில் கச்சிதமாகப் பொருந்தியது!

திராவிடப் பெயர்

இதே இனத்தைச் சேர்ந்த பிராணி ஒன்று அரியலூர் பக்கம் கிடைத்ததாக 1979-ல் பரபரப்பு. இந்திய புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த பி.யாதகிரி, கே.அய்யாசாமி ஆகிய இருவரும் எலும்புத் தட்டுகளையும், முள் ஒன்றையும், மண்டை ஓட்டின் ஒரு பகுதியையும் விவரித்து எழுதினார்கள். "திராவிடோசாரஸ்" என்று பெயர் சூட்டினார்கள்.

மற்ற நாடுகளில் இந்த இனம் அழிந்த பிறகும், சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை தமிழ் மண்ணில் தப்பிப் பிழைத்திருந்தது என்றால் அது சாதாரண செய்தியா?

ஆனால் 1990-களில் சங்கர் சட்டர்ஜி என்ற நிபுணர், "இது டைனோசரே அல்ல. கடலில் நீந்திய ஊர்வன ஒன்றின் எலும்பு" என்று மறுத்தார். அவர் சொன்னதை எல்லாரும் ஏற்கவில்லை. சர்ச்சை இருக்கிறது. பெயர் நம்முடையது என்பதற்காகப் பிராணியையும் நம்முடையது என்று அடித்துப் பேச முடியாது அல்லவா!

உடம்பே கோட்டை

அரியலூரின் மற்றொரு பிராணிக்கு முள்ளும் இல்லை, தட்டும் இல்லை. அதற்குக் கவசம் அதன் உடம்புதான்.

கல்லமேடு என்ற கிராமத்தின் அருகே கிடைத்த இடுப்பு, தொடை, கீழ்க்கால் பகுதி எலும்புகளை வைத்து, அதே இரு நிபுணர்கள் 1980-களின் இறுதியில் "பிருஹத்காயோசாரஸ்" என்று பெயரிட்டார்கள். பிருஹத் காயம் என்றால் பெருத்த உடல். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். ஆறடி ஆள் அதன் பக்கத்தில் நின்றால் குள்ளன்!

முதலில் இதை மாமிசம் தின்னும் ஜாதி என்று எழுதினார்கள். பிறகுதான், நீண்ட கழுத்தும் தூண் போன்ற கால்களும் கொண்ட, தழை தின்னும் ஜாதி என்று தெரிந்தது. இதன் எடை 110 முதல் 130 டன் வரை இருக்கலாம் என்று 2023-ல் ஒரு கணக்கு போட்டிருக்கிறார்கள். சுமார் 25 யானைகளின் எடை.

குஜராத்தில் கிடைத்த "ராஜாசாரஸ்" போன்ற கொடிய டைனோசர் கூட, வளர்ந்த இந்த ராட்சதனைத் தாக்க யோசித்திருக்கும். பந்திப்பூர், நாகரஹொளே காடுகளைப் பாருங்கள். வளர்ந்த யானையிடம் புலி வாலாட்டாது. குட்டி தனியாக அகப்பட்டால்தான் ஆபத்து.

டைனோசர் குட்டிக்கும் அதே கதிதான்.

முட்டைக்கூட்டில் பாம்பு

குஜராத்தில் டோலி டுங்ரி என்ற இடத்தில் 1980-களில் நமது விஞ்ஞானி தனஞ்செய் மொகாபே ஒரு முட்டைக்கூட்டைக் கண்டெடுத்தார். அதில் இருந்த எலும்புகள் எல்லாம் டைனோசர் குஞ்சுடையவை என்றே எண்ணினார். 2001-ல் அமெரிக்க நிபுணர் ஒருவர் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு, "இதில் பாம்பின் முதுகெலும்பும் இருக்கிறதே" என்று கண்டுகொண்டார். 2010-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள்.

பாம்பின் நீளம் 3½ மீட்டர். அப்போதுதான் பொரிந்த குஞ்சோ அரை மீட்டர். அதைக் குறிவைத்து வந்த பாம்பு, கூட்டோடு சேர்த்து மண்ணில் புதைந்து, 6 கோடியே 70 லட்சம் ஆண்டுகள் அப்படியே கிடந்திருக்கிறது.

தாய் எங்கே போனது என்று கேட்கலாம். அந்த எடையோடு அடைகாக்க உட்கார்ந்தால் முட்டை கூழாகிவிடும். இட்டு மூடிவிட்டுப் போயிருக்கும் என்றுதான் கருதுகிறார்கள்.

அப்படியானால் வம்சம் எப்படிப் பிழைத்தது? எண்ணிக்கையால்! மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்தில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் கிடைத்ததாக 2023-ல் செய்தி வந்தது. பத்தைப் பாம்பு தின்றாலும் ஒன்றிரண்டு மிஞ்சும். மிஞ்சியது மளமளவென்று வளர்ந்துவிட்டால் அப்புறம் அதை அசைக்க ஆள் இல்லை.

மழையில் கரைந்த எலும்பு

இத்தனை பெரிய கல்லமேட்டு எலும்பை எந்த அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்?

எங்கும் பார்க்க முடியாது.

அந்த எலும்புகள் ஏற்கனவே உளுத்துப்போனவை. களிமண்ணில் நீர் ஊறி, தோண்டும்போதே நொறுங்கத் தொடங்கின. ஆய்வுத்துறை அலுவலகம் போய்ச் சேரும் முன்பே பொடிந்துவிட்டன என்று, கண்டெடுத்தவர்களில் ஒருவரான அய்யாசாமியே பிற்காலத்தில் இன்னொருவருடன் சேர்ந்து எழுதினார். அன்று எடுத்த போட்டோக்களை 2022-ல் வெளியிட்டார்கள். கையில் எலும்பு இல்லாமல் எடை சொல்லலாமா என்று வெளிநாட்டு நிபுணர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

எலும்பைச் சுற்றிலும் மண்ணோடு தோண்டி, சாக்குத் துணியில் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் நனைத்து, ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுவது போல் கட்டி எடுப்பதுதான் முறை. கல்லமேட்டில் இன்றும் மழை பெய்து ஓய்ந்தபின் மண் அரித்த இடங்களில் எலும்புத் துண்டுகள் தலைகாட்டுவது உண்டு. அடுத்த மழைக்குள் யாராவது பார்த்துச் சொன்னால் உண்டு. அரியலூர் பக்கம் சொந்த ஊராக உள்ள பெங்களூர் வாசகர்கள், லீவுக்குப் போகும்போது அப்படி ஏதேனும் கண்ணில் பட்டால் கை வைக்காமல், வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் தகவல் சொல்லலாம்.