பூமி பார்க்கும் வானம்!

வானம் பார்த்த பூமி என்பார்கள் நமது கிருஷ்ணகிரிச் சீமையை. மழை வந்தால் கேழ்வரகு, வராவிட்டால் கண்ணீர்! பருவம் பொய்த்தது, பசி பொய்க்கவில்லை. ஊத்தங்கரையிலும் தேன்கனிக்கோட்டையிலும் ஏர் பிடித்த கை, ஓசூர் சிப்காட்டில் எந்திரம் பிடிக்கிறது. ஊரில் விட்டுவந்த அரை ஏக்கரை மட்டும் நெஞ்சு மறக்கவில்லை.

தோழர்களே, இன்று வானம் பூமியைப் பார்க்கிறது! 1988 முதல் இந்தியத் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்கள் மண்ணைப் படமெடுத்து வருகின்றன. பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கும். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். மேல்மண் போய்ப் பயிர் மெலிந்தால் அந்தக் கணக்கு மாறும். அதே பருவத்துப் படங்களை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டால் நிலம் தேய்வது தெரியும்.

அகமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம் 2021இல் வெளியிட்ட வரைபடத் தொகுப்பு சொல்வதென்ன? 2003–05இல் இந்தியாவில் சீரழிந்த நிலம் 9 கோடியே 45 இலட்சம் ஹெக்டேர். 2018–19இல் 9 கோடியே 78 இலட்சம்! நாட்டின் பரப்பில் 29.77 விழுக்காடு. இராஜஸ்தானத்து மணல்மேடு மட்டுமா இது? மழைநீர் அரித்த மேட்டுநிலமும், மரமிழந்த குன்றும், கல்லுடைத்துக் கைவிட்ட குழியும் இதிலே சேரும். கருங்கல் குவாரிகளை நமது மாவட்டத்தாருக்கு நாம் விளக்கவா வேண்டும்?

கணக்கெடுத்தார்கள்; பாராட்டுகிறோம். யாருக்காக? அதைத்தான் கேட்கிறோம். அந்த வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர், தரையில் 5 கிலோமீட்டர். மூலப்படத்தின் ஒரு புள்ளியே ஏறத்தாழ முக்கால் ஏக்கர். டெல்லிக்கு அது போதும். ஏழையின் அரை ஏக்கர் கொள்ளுக்காடு அந்தப் புள்ளிக்குள் புதைந்துபோகுமே! நிலம் வெளுத்ததைப் படம் காட்டும். வெளுக்க வைத்தவரைக் காட்டாது. கருநாடகத்திலிருந்து வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் பலமுறை நுரை பொங்கியதை ஊரே கண்டது. அந்த நீர் பாய்ந்த வயலின் கதையை, மண்ணை அள்ளிச் சோதித்தவன்தானே சொல்ல முடியும்?

நுணுக்கமாக வரைய இயலாதா? தெரிந்தெடுத்த மாவட்டங்களுக்குப் பத்து மடங்கு பெரிய அளவில் 2018இல் அதே மையம் வரைந்து காட்டியதே!

2030க்குள் 2 கோடியே 60 இலட்சம் ஹெக்டேரை மீட்போம் என்று 2019இல் இந்திய அரசு உலக நாடுகள் முன் உறுதியளித்தது. கோடிக் கணக்கு கோட்டையில் இருக்கட்டும். குழிக் கணக்கு குடிசைக்கு வேண்டும்! ஊர்தோறும் படம் வரட்டும், தமிழில் வரட்டும், கிராமசபையில் விரியட்டும். "என் நிலம் எங்கே?" என்று உழவன் விரல் வைத்துக் கேட்கட்டும். எங்கே வரப்பு, எங்கே தடுப்பணை, எங்கே மரம் என்பதை ஊர் கூடி முடிவு செய்யட்டும்.

வானத்தின் கண் திறந்துவிட்டது. ஊரின் வாய் திறக்க வேண்டாமா?